தேசிங்கு அண்ணன் குப்பத்தில் சொன்ன நான்கு வாக்கியங்கள்

செய்தி வந்தபோது நான் எங்கள் மாநாட்டு மண்டபத்தில் பெயர் பேட்ஜ் அடுக்கிக்கொண்டிருந்தேன். மருந்துக் கம்பெனி ஒன்றின் இரண்டு நாள் மாநாட்டில் அது இரண்டாம் நாள். காலை ஏழரை மணி. விருந்தினர்களுடைய பேட்ஜ்களை மேசையின் நடுவிலும், எங்கள் ஆட்களுடையதை ஓரத்திலும் வைத்தேன். எங்கள் பொறுப்பாளர் தேசிங்கு அண்ணனுடையதைத் தனியாக எடுத்து வைத்தேன். எட்டு மணிக்கு உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார். அப்போது போன் அடித்தது. அவருடைய எண். பேசியது அவர் மனைவி கஸ்தூரி அக்கா.

“செலினு, உங்க அண்ணன் இன்னிக்கி டூட்டிக்கி வரமாட்டாரு.”

“ஒடம்பு சரியில்லியாக்கா?”

“குளிச்சிட்டு வந்து சட்ட போட்டாரு. பட்டன் போடறதுக்குள்ள வுழுந்துட்டாரு. அவ்ளோதான்.”

அந்த ‘அவ்ளோதான்’ எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் முதல் பஸ் வாசலில் வந்து நின்றுவிட்டது. விருந்தினர்கள் இறங்கி வந்து தங்கள் பெயரைச் சொன்னார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் மேசையில் ஒரு பேட்ஜ் மிஞ்சியது.

அவரோடு தீவில் வேலை செய்தவர்கள், இங்கே மண்டபத்தில் வேலை செய்பவர்கள், மீனவக் குப்பத்தில் அவரோடு வளர்ந்தவர்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். தங்கமான மனிதர் போய்விட்டார் என்று எழுதி முடித்திருந்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் கடைசி ஒரு வருடமாக நான் அவரோடு வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு வராது.

அவரை முதலில் பார்த்தது கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு சின்னத் தீவு நாட்டில். நாட்டின் பெயரை எழுதவில்லை. நம் ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அவர்களுடைய விசா யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. உல்லாசப் பயணிகள் வெயில் மாதங்களில் மட்டும் வருகிறார்கள், மற்ற மாதங்களில் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன என்று அந்த அரசாங்கத்துக்குக் கவலை. அதனால் வணிகச் சுற்றுலாவை வளர்க்க ஆரம்பித்தார்கள். கம்பெனிகளின் ஆண்டுக் கூட்டம், டாக்டர்கள் மாநாடு, அதிகம் விற்ற டீலர்களுக்கு விருந்து. அண்ணன் அங்கே மாநாட்டு மண்டபத்துக்குப் பொறுப்பாளர். நான் ஓட்டல் டிப்ளமோ முடித்துப் புதிதாகப் போனவள். எதற்கு இவ்வளவு மண்டபம் கட்டுகிறார்கள் என்று கேட்டேன். “டூரிஸ்ட்டு வெயிலப் பாத்து வர்றவன். கம்பெனிக்காரன் லெட்டரப் பாத்து வர்றவன். மழ பேஞ்சாலும் வருவான், பொயலடிச்சாலும் வருவான்” என்றார்.

ஒருமுறை சுற்றுலாத் துறை அதிகாரி ஒருவர் மேடையேறி, இந்தத் தீவில் உங்களையும் கடலையும் தவிர வேறு யாருமே இல்லை என்று விருந்தினர்களிடம் பெருமையாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் அண்ணனும் சுவரோரம் தண்ணீர் ஜாடியோடு நின்றிருந்தோம். அண்ணன் வாயை அசைக்காமல் சொன்னார்: “ஆளே இல்லாத ஊருன்னு காட்டறதுக்கு எத்தினி ஆளு வேல செய்யறோம் பாத்தியா.” எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் ஜாடி ஆடியது. உண்மையில் நாங்கள் வேலிக்குப் பின்னால் இருந்த பாதையில்தான் நடக்க வேண்டும். விருந்தினர் இருக்கும் நேரத்தில் மணலில் கால் வைத்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

அதே தீவில் நடந்த இன்னொன்றை நான் மறக்கவே முடியாது. படகுத்துறையில் சிவப்புக் கம்பளம் விரித்துக்கொண்டிருந்தோம். அரை மணியில் விருந்தினர் வந்து இறங்குவார்கள். பக்கத்துத் தீவிலிருந்து ஒரு சின்னப் படகு வந்தது. இன்ஜின் இருமிக்கொண்டிருந்தது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போக எங்கள் விரைவுப் படகு வேண்டும். காவலாளிகள் கையை ஆட்டி, அப்பால் போ என்றார்கள். நான் என்ன செய்தேன்? கம்பளத்தின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன். அண்ணன் கோட்டோடு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு நீரில் பவளப் பாறைகளுக்கு நடுவே நடந்து, அந்தப் படகின் மூக்கைப் பிடித்து இழுத்துப் போய்ச் சமையல்கட்டுப் பின்புறம் கரை சேர்த்தார். விரைவுப் படகை அங்கே வரவழைத்து அனுப்பிவைத்தார். பாறை எங்கே, வழி எங்கே என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்ல மீனவன் மகனால்தான் முடியும். மறுநாள் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. “லெட்டரும் வந்துருச்சி, ஆம்பளப் புள்ளன்னு சேதியும் வந்துருச்சி. ரெண்டுல எத்த ஃபிரேம் போடறது, நீயே சொல்லு” என்றார்.

அந்த மனிதர்தான் ஊருக்குத் திரும்பி வந்தார். மரக்காணம் உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவில், அவர் பிறந்த குப்பத்துக்குத் தெற்கே, சென்னைக்காரர் ஒருவர் மாநாட்டு ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அதில் சேர்ந்தார். என்னையும் கூப்பிட்டார். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. மழை வந்தால் பாத்தியில் உப்பு வாரும் வேலை நிற்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டுகள் நிற்கும். மண்டபத்தில் மட்டும் இரண்டு காலத்திலும் வேலை இருக்கும். “தீவுல செஞ்சத இங்க செய்யப் போறோம். ஆனா ஆளு இருக்கற ஊருன்னு தெரியற மாதிரி செய்யப் போறோம்” என்றார். நான் நம்பினேன். இன்றும் அந்தப் பேச்சில் பொய் இருந்ததாக நினைக்கவில்லை.

என் அம்மா பல வருடம் உப்பு வாரியவர். கால் பாதம் வெடித்து, உப்புத் தண்ணீரில் ஆறாமல் நடப்பவர். மண்டபம் திறந்த முதல் மழைக்கு டீ பரிமாறும் வேலைக்கு வந்தார். வேலையாட்களுக்கு எதற்கு பேட்ஜ் என்று முதலாளி கேட்டதற்கு, விருந்தினர் பேட்ஜ் எந்த அளவோ அதே அளவில்தான் வேண்டும் என்று அண்ணன் சண்டை போட்டு வாங்கியிருந்தார். அம்மா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எதுக்கு தம்பி? நான் இன்னா தொலஞ்சா போயிடப் போறேன்?”

“பேரு தெரியாத ஆளு மேல காப்பி கொட்டிட்டா அவம்பாட்டுக்குப் போயிடுவான்மா. பேரு தெரிஞ்சா ஒரு சாரியாவது சொல்லுவான்.”

“சாரி எனக்கு வேணாம். கொட்டாம குடிக்கச் சொல்லு, போதும்.”

அண்ணன் சிரித்த சிரிப்பில் கிச்சனே திரும்பிப் பார்த்தது. அம்மா அந்த பேட்ஜைக் குத்திக்கொண்டுதான் வீட்டுக்கும் வந்தார்.

ரிசார்ட் கட்டும்போதே குப்பத்தில் எதிர்ப்பு இருந்தது. காரணம் நியாயமானது. குப்பம் வடக்கே, அவர்களுடைய சுடுகாடு தெற்கே, இரண்டுக்கும் நடுவில் ரிசார்ட். யாராவது செத்தால் அன்று எந்த போட்டும் கடலுக்குப் போகாது. பிணத்தைப் பறையடித்து, பூவிறைத்து, கடற்கரையோரமாகவே தூக்கிப் போவார்கள். அதுதான் வழக்கம். கோயில் முன்னால் ஊர் கூடியது. குப்பத்துத் தலைவரை நாட்டார் என்பார்கள். அந்த நாட்டார் கேள்வி கேட்டார். அண்ணன் எழுந்து நின்றார். நான் பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

“போட்டு எறக்கற வழிய மூட மாட்டாங்க. வல காயப்போடற எடத்துல கை வைக்க மாட்டாங்க. சாவு போற பாதையில குறுக்க நிக்க மாட்டாங்க.”

“எழுதிக் குடுப்பாங்களா தேசிங்கு?” என்றார் நாட்டார்.

“எழுதறது எதுக்கு, நான் இருக்கறேன்ல” என்றார் அண்ணன்.

அதோடு கூட்டம் முடிந்துவிட்டது. எழுதி வாங்கு என்று ஒருவரும் அழுத்திக் கேட்கவில்லை. நம் ஆள் ஒருவன் உள்ளே இருக்கிறான் என்றால் நமக்குக் காகிதம் தேவைப்படுவதில்லை. எத்தனை முறை ஏமாந்தாலும் இந்தப் புத்தி நம்மைவிட்டுப் போகாது. படித்தவள் என்று சொல்லிக்கொள்ளும் நானும்தான் அன்று தலையாட்டினேன்.

போன வருடம் முதல் சோதனை வந்தது. செத்தவர் வேறு யாருமில்லை, கஸ்தூரி அக்காவின் அப்பா. அண்ணனுக்கு மாமனார். அன்றைக்கென்று அந்தத் தீவு நாட்டிலிருந்தே சுற்றுலா அதிகாரிகளும் ஓட்டல்காரர்களும் எங்கள் மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். அவர்கள் செய்வதை நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று பார்க்க வந்த கூட்டம். அண்ணனுக்கு அது பரீட்சை மாதிரி. அவர் குப்பத்துக்குப் போய், “எங்க வூட்டு சாவு, நானே கேக்கறேன். நாலு மணி வரிக்கும் வைங்க. இந்த ஒரு தடவ மட்டும்” என்று கேட்டார். சொந்த மருமகனே கேட்கும்போது யார் மறுப்பார்கள்? வைத்தார்கள். 

அந்தப் பகல் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சாவு விழுந்ததால் போட்டுகளெல்லாம் கரையில் வரிசையாக நின்றன. தேநீர் இடைவேளையில் விருந்தினர்கள் வெளியே வந்து அவற்றின்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு நல்ல நாளில் ஒரு போட்டுகூட ஏன் கடலுக்குப் போகவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கடலையே பார்த்து வளர்ந்த தீவுக்காரர்கள்தாம். அவர்களுக்கும் தோன்றவில்லை. நாலு மணிக்குப் பிணம் போனபோது கூட்டம் இன்னும் முடியவில்லை. அண்ணனே கண்ணாடிச் சுவரின் திரையை இழுத்து மூடினார். மைக்கின் ஒலியைக் கூட்டச் சொன்னார். மாமனாருக்குத் தோள் கொடுக்க வேண்டியவர் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதமே அது விதியாகிவிட்டது. மாநாட்டு நாட்களில் நாலு மணிக்குப் பிறகே ஊர்வலம் போகலாம், இல்லாவிட்டால் சாலை வழியாக வேனில் கொண்டுபோகலாம், வேன் செலவை நிர்வாகம் தரும் என்று ஒரு அறிவிப்பை வாசலில் ஒட்டினார்கள். அண்ணன் மேனேஜரிடம் போய்ச் சத்தம் போட்டார். “உங்க ஊர்க்காரங்கதானே ஒத்துக்கிட்டாங்க? நீங்கதானே பேசி முடிச்சீங்க?” என்று மேனேஜர் அமைதியாகக் கேட்டார்.  அப்புறம் இரண்டு சாவு விழுந்தது. இரண்டுமே நாலு மணி வரை காத்திருந்தன.

கிச்சனில் வைத்து நான் கேட்டுவிட்டேன். “ஆளு இருக்கற ஊருன்னு தெரியணும்னு சொன்னியேண்ணா. இப்ப செத்த ஆளயே மறைக்கிற?”

“ரெண்டு மணி நேரந்தான செலினு. யாருக்கு இன்னா கொறஞ்சி போச்சி?”

“தீவுல அந்தப் பொம்பளயயும் ரெண்டு மணி நேரம் நிக்கச் சொல்லியிருக்கலாமே.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “மண்டபத்த மூடிட்டுப் போயிட்டா மழைக்கி உங்கம்மாவுக்கு யாரு வேல குடுப்பா? நீ குடுப்பியா?” என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான்.  ஆனால் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டேன். மேசை எத்தனை, நாற்காலி எத்தனை, அவ்வளவுதான். அவர் இரண்டு மூன்று முறை, “ஏம்மா, இன்னும் கோவமா?” என்று கேட்டார். நான் நாற்காலியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி, அவர் போன அந்தக் காலைக்கு வருகிறேன்.

பத்து மணிக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். “நீ இந்தப் பக்கத்துப் பொண்ணு. நீ போய்ப் பேசினா கேப்பாங்க. நாலு மணிக்கு மேல எடுக்கச் சொல்லு. மாலை, வேன், எது வேணும்னாலும் நாம குடுத்துடலாம்” என்றார். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

குப்பத்தில் போட்டுகள் கரையேறி நின்றன. பறைக்காரர்கள் பறையைத் தீயில் காய்ச்சாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பந்தலுக்குக் கீழே அண்ணன், பாதி பட்டன் போட்ட அந்த வெள்ளைச் சட்டையிலேயே. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நாட்டார் எழுந்து வந்தார்.

“வாம்மா. எத்தினி மணிக்கி எடுக்கச் சொன்னாங்க?”

நான் சொல்ல வந்ததை அவர் எனக்கு முன்பே சொல்லிவிட்டார். யாரும் தடுக்காமலே அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடத்தில் ஒரு குப்பத்துக்கே இந்தப் பழக்கம் வந்துவிட்டது. அதைப் பழக்கியவர் பந்தலில் படுத்திருந்தார்.

கஸ்தூரி அக்கா தலையைத் தூக்கினார். அழுது முடித்த குரல். “எங்கப்பாவ நாலு மணி வரிக்கும் போட்டு வச்சாரு. இவுர எத்தினி மணி வரிக்கும் போட்டு வைக்கணும்னு கேட்டுக்குனு வந்தியா செலினு?”

“நீங்க எத்தினி மணிக்கு எடுக்கறதா இருந்தீங்க?” என்று நாட்டாரைக் கேட்டேன்.

“எல்லாரும் வந்தாச்சி. எங்க பக்கம் ரெடிதான்.”

“அப்ப எடுங்க.”

“உன் வேலக்கி இன்னா ஆவும்?”

நான் பதில் சொல்வதற்குள் கஸ்தூரி அக்கா எழுந்துவிட்டார். “அவ வேலய அவ பாத்துப்பா. டேய், பறைய எடுங்கடா.”

பெண்கள் தெருமுனை வரைதான் போவது வழக்கம். நான் அங்கிருந்து பிரிந்து, சாலை வழியாக மண்டபத்துக்குத் திரும்பினேன். திரை மூடியிருந்தது. மேடையில் யாரோ விற்பனை இலக்கு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன். அது அண்ணனுடைய வழக்கம். ஒவ்வொரு மாநாட்டுக்கும் முன்னால் கடைசி வரிசையில் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து பார்ப்பார். “முன்வரிசக்கி எல்லாம் தெரியும். கடைசில உக்காந்தவனுக்குத் தெரியுதான்னு பாக்காம கதவத் தொறக்காத” என்பார்.

தூரத்தில் பறைச் சத்தம் கேட்டது. நெருங்கியது. நான் எழுந்து போய்த் திரையின் கயிற்றை இழுத்தேன்.

வெயில் உள்ளே பாய்ந்து எதிரே இருந்த புரொஜெக்டர் திரையில் எழுத்தெல்லாம் வெளிறிப்போனது. எல்லோரும் திரும்பினார்கள். கண்ணாடிக்கு அப்பால், மணலில், ஆட்கள் தோளில் அண்ணன் போய்க்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார்: “இது உங்க புரோகிராம்ல இருக்குதா?”

“இல்ல சார். அவரு எங்க மாநாட்டுப் பொறுப்பாளரு. நீங்க உக்காந்திருக்கற நாற்காலிய நேத்து சாயங்காலம் அவருதான் போட்டாரு.”

அவர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள். முன்வரிசையில் ஒருவர், எழுத்துத் தெரியவில்லை, திரையை மூடுங்கள் என்று கையைக் காட்டினார். மேனேஜர் வேகமாக வந்தார். கண்ணாடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஊர்வலம் கடக்கும் வரை அவரும் கயிற்றைத் தொடவில்லை. மறுநாள் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தவரும் அவர்தான்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போனேன். மிஞ்சிய பேட்ஜை கஸ்தூரி அக்காவிடம் நீட்டினேன். “அத்த இன்னா பண்றது? அங்கயே வச்சிரு” என்றார். வெறுப்பாகச் சொன்னாரா, விரக்தியில் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டு எழுந்தபோது நாட்டார் கிட்டே வந்தார். “தேசிங்கு போயிட்டான். பரவால்ல, இனிமே உள்ள நீ இருக்கறியேம்மா” என்றார்.

 அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அது அண்ணன் கழுத்தில் போட்ட அதே கயிறு. “நான் இருக்கறத நம்பாதீங்க நாட்டாரே. அண்ணனும் இருந்தாரு. இருக்கும்போதே முடியல. நானும் நாளைக்கி என் வேலைக்காகத் திரையப் பிடிச்சிக்குனு நிப்பேன். எழுதி வாங்குங்க” என்றேன்.  “எழுது” என்றார் அவர்.

அன்றே அந்தப் பந்தலில் உட்கார்ந்து எழுதினேன். நாட்டார் கையெழுத்துப் போட்டார். வரிசையாகக் குப்பத்தார் போட்டார்கள். கஸ்தூரி அக்காவும் போட்டார். கம்பெனி இன்னும் போடவில்லை. விளக்கக் கடிதத்துக்கு நான் கொடுத்த பதிலின்மேல் என்ன முடிவு என்றும் தெரியவில்லை.  மழை வர இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன என்று அம்மா ஒருநாள் சொன்னார்.

தேசிங்கு அண்ணனிடமிருந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். கோட்டோடு தண்ணீரில் இறங்கியவரையும், திரையைப் பிடித்துக்கொண்டு நின்றவரையும் ஒரே ஆளாக நினைத்துக்கொள்ளப் பழகிவருகிறேன். அந்தக் காகிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. போட்டு இறக்கும் வழி, வலை காயும் இடம், சாவு போகும் பாதை. அன்று கோயில் முன்னால் அவர் சொன்ன மூன்று வாக்கியங்களை அப்படியே எழுதியிருக்கிறேன். ‘நான் இருக்கறேன்ல’ என்ற நான்காவதை எழுதவில்லை.